மூலை வட்டத்தில் அவள்

அத்தியாயம் 11

போன வாரம் போனை வைத்துவிட்டு மாஸ்டரின் மனைவி சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாளே, அது சந்தோஷ அழுகை. டிவி நிலையத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். இதுவரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் செய்திக்குச் சைகை செய்துகொண்டிருந்தவளைத் தினசரி மாலைச் செய்திக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கப் போகிறார்களாம். ஒரே ஒரு நாள் சோதனை. விடிந்தால் அந்த நாள்.

விடிந்துவிட்டது.

செய்தி வாசிப்பவர் திரையின் நடுவில் இருப்பார். கீழே வலது மூலையில் ஒரு சின்ன வட்டம். காது கேட்காதவர்களுக்காக அந்த வட்டத்துக்குள் நின்று, கையாலும் முகத்தாலும் செய்தி சொல்கிறவள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில், மாஸ்டரின் அக்காவோடு பேச வேண்டுமே என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்த சைகை மொழி. அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூடப் பிறந்த மாஸ்டருக்கு இன்றுவரை ‘சாப்பாடு’, ‘வா’, ‘போ’, ‘கோபம்’ தாண்டி ஒன்றும் தெரியாது.

கறுப்பு உடைக்கு இஸ்திரி போட்டபடியே மனைவி சொன்னாள்:

"ஏங்க, அண்ணியும் அவங்க காது கேளாதோர் சங்கத்து ஆளுங்களும் சாயங்காலம் இங்கேதான் வர்றாங்க."

மாஸ்டரின் வாயில் பல் தேய்க்கும் பிரஷ் அப்படியே நின்றது. "இங்கேயா? ஏன், சங்க ஆபீஸ்ல டிவி இல்லையா?"

"இருக்கு. அதுல என் வட்டம் சட்டைப் பட்டன் அளவுக்குத் தெரியும். எது கட்டைவிரல், எது சுண்டுவிரல்னு கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பார்க்கணும். என் சைகை தெளிவா இருக்கான்னு நிலையத்துல அந்தச் சங்கத்துச் செயலாளரைத்தான் கேட்கப் போறாங்க. நம்ம டிவின்னா வட்டமே தாம்பாளம் மாதிரி தெரியுமே!"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த பீரோவை வாங்கின நாள்லேர்ந்து உங்களைத் திட்டித் தீர்த்திருக்கேன். இன்னிக்கு முதல் தடவையா ஒரு தேங்க்ஸ்."

மாஸ்டர் வாயில் நுரையோடு தலையாட்டினார். அந்த நுரை இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

அது என்ன பீரோ என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டிவிதான். பின்னாலிருந்து படம் விழுகிற ஜாதி. பெட்டிக்குள் மூன்று விளக்குக் குழாய்கள், ஒரு பெரிய கண்ணாடி, முன்னால் கதவளவு திரை. நான்கு ஆட்கள் தூக்கி வந்து கூடத்தில் இறக்கிய அன்றே பாதிக் கூடம் காணாமல் போனது. ஹை டெஃபனிஷன் என்று பெட்டியில் தங்க எழுத்தில் எழுதியிருந்தது. வீட்டுக்குள் ஹை டெஃபனிஷன் வந்துவிட்டது. தெருவுக்குள் இன்னும் வரவில்லை. கேபிளில் வந்ததெல்லாம் பழைய சதுரப் படம். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"வாங்கினது முழுத் திரை. இந்தக் கறுப்புப் பட்டை எதுக்கு?" என்று மாஸ்டர் ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கிப் படத்தை ஜூம் செய்தார். திரை நிறைந்தது. படத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கிரிக்கெட்டில் கீழே ஸ்கோர் தெரியாவிட்டால் என்ன, மகளைக் கேட்டால் சொல்கிறாள். கொஞ்ச நாளில் அந்தப் பட்டன் செத்துப்போனது. படம் ஜூமிலேயே உறைந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் மனைவிக்கு நிலையத்தில் வேலை கிடைத்தது. முதல் வாரம் ஆசையாக டிவி முன்னால் உட்கார்ந்தார் மாஸ்டர். வலது மூலையில் மனைவியின் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது.

கை தெரியவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது அவர், "பிரமாதம்!" என்றார். வாய் தவறி வந்துவிட்டது. அடுத்த வாரம் வாய் தவறவில்லை, தெரிந்தே சொன்னார். நேரடி ஒளிபரப்பு என்பதால் அந்த நேரத்தில் அவள் எப்போதும் நிலையத்தில்தான் இருப்பாள். மற்ற நேரங்களிலும் அந்த டிவி பக்கம் வரமாட்டாள். நேர் எதிரே உட்கார்ந்தால்தான் அதில் படம் பளிச்சென்று தெரியும்; எழுந்து நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ இருட்டிவிடும். வேலைக்கு நடுவில் நின்றபடி எட்டிப் பார்க்கிறவளுக்கு அது எப்போதும் ஒரு மங்கல் கண்ணாடிதான். வசதியாகப் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வந்தார் மனிதர்.

"நேரா எதிர்ல உக்கார வையுங்க அவங்களை. ஜன்னல் திரையை மூடிடுங்க, வெளிச்சம் பட்டா படம் வெளுத்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பிவந்து, டிவியின் மேல் படிந்திருந்த தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டுப் போனாள்.



* * *

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அன்றைய முதல் மாணவி ஒரு பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் கைநடுக்கமில்லாமல் திறக்கிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் உதறுவார்.

"டாக்டரம்மா, இன்னிக்குக் கடைத்தெருவுக்கு விடுங்க."

"அங்கே கூட்டமா இருக்குமே மாஸ்டர்! கூட்டத்துல ஓட்ட எனக்கு இன்னும் பக்குவம் வரலைன்னு நேத்துதானே சொன்னீங்க?"

"நேத்து வரலை. இன்னிக்கு வந்துடுச்சு. விடுங்க."

கடைத்தெரு முனையில் வண்டி ஒரு குதி குதித்து நின்றது. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு பஸ். ஹாரன் காதைக் கிழித்தது.

"கிளட்ச்! கிளட்ச்னு சொல்றேன், காது கேக்கலையா?"

சொன்ன பிறகுதான் மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டில் மனைவி தடை போட்டிருந்த வார்த்தை அது.

"நல்லாவே கேக்குது" என்றார் டாக்டரம்மா, கண்ணாடியைச் சரிசெய்தபடி. "என்னிக்காவது பல்வலின்னு என் நாற்காலிக்கு வருவீங்கல்ல மாஸ்டர்? அப்ப பேசிக்கலாம்."

டாக்டரம்மாவை வண்டியிலேயே விட்டுவிட்டு, சந்துக்குள் இருந்த உதிரிபாகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாலேர்ந்து படம் விழுமே, அந்தப் பெட்டியா? பீரோ மாதிரி?"

"அதேதான்."

"இன்னும் இருக்கா!" என்றார், நெடுநாள் படுக்கையில் கிடக்கிற உறவுக்காரரை விசாரிக்கிற குரலில். பிறகு வேறொரு ரிமோட்டை எடுத்து நீட்டினார். "இது எல்லா டிவிக்கும் சேரும். இதுல எல்லா பட்டனும் வேலை செய்யும்."

"திரை அளவை மாத்துற பட்டன்?"

"அது மட்டும் இந்த டிவிக்கு வராது."

"அப்ப எல்லாம்னு சொன்னீங்க?"

"அதைத் தவிர எல்லாம்."

மாஸ்டருக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. கடைக்காரரோ நிதானமாக, "பழைய ரிமோட்டைத் திறந்து உள்ளே இருக்கிற ரப்பரைத் துடைச்சுப் பாருங்க. சமயத்துல ஒண்ணு ரெண்டு தடவை வேலை செய்யும்" என்றார்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா வண்டியைச் சரியாக ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதபோது நன்றாகவே ஓட்டினார் போலிருக்கிறது. அதைப் பாராட்டவும் அன்று மாஸ்டருக்கு மனமில்லை.

* * *

மத்தியானம் வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்த மகள், மேசையில் ரிமோட்டைப் பிரித்துப் போட்டிருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை தெரியாத விஷயம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா. இன்னும் நேரம் இருக்கு. அவங்க சங்க ஆபீஸ்லயே பார்த்துக்கட்டும்."

"இத்தனை நாள் பிரமாதம்னு சொன்னவன் இப்ப எந்த முகத்தோட சொல்றது?"

"இருக்கிற முகத்தோடதான்."

"இன்னிக்குப் போய் அவளைக் கலவரப்படுத்தச் சொல்றியா? கேமரா முன்னால கை நடுங்கினா?"

அப்பாவின் சமாதானங்களில் பாதி உண்மை இருக்கும். அதனால்தான் அவரோடு சண்டை போடுவதும் கஷ்டம்.

பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். ஊதினார். மூடித் திருகாணி போட்டு, டிவியை நோக்கி நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார்.

படம் துள்ளியது!

"பார்த்தியா!" என்று கத்தினார் மாஸ்டர்.

திரையின் மேல் எழுத்து வந்தது: ஜூம் 2.

ஜூமுக்கு மேல் ஒரு ஜூம். இப்போது முன்னைவிட அதிகமாக வெட்டுப்பட்டது. அவசர அவசரமாக மறுபடி அமுக்கினார். அசையவில்லை. கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அமுக்கினார். பட்டன் தன் கடைசி மூச்சை விட்டுவிட்டது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். டிவி ஒழுங்காக உயிர் பெற்று, ஒழுங்காக ஜூம் 2-க்கே போய் நின்றது. ஆத்திரத்தில் பெட்டியின் விலாவில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. உள்ளே எந்தக் குழாய் எந்தப் பக்கம் ஆடியதோ, திரையில் எல்லோருக்கும் இரண்டு மூக்கு: சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று.

"அப்பா, போதும்" என்றாள் மகள். "இனி தொடாதீங்க."

அக்கம்பக்கத்தில் வேறு டிவி தேடினார். மாடி வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டில் டிவியே கிடையாது. மனைவிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அப்போது அதை நிம்மதியாக நினைத்தாரே, அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு வெட்கமாக இருந்தது.

* * *

சாயங்காலம் அக்கா வந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எதையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கம். கூடவே சங்கத்துச் செயலாளர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். இன்னும் ஓர் இளம் தம்பதி. டிவியைப் பார்த்ததும் செயலாளர் இரண்டு கைகளையும் அகல விரித்துப் புருவத்தை உயர்த்தினார். அதற்கு மட்டும் மாஸ்டருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த நிலையிலும் நெஞ்சு ஒரு விரல் அளவு நிமிர்ந்தது.

அக்கா எல்லோரையும் நேர் எதிரே உட்கார வைத்தாள். ஜன்னல் திரையை மூடினாள். செய்தி ஆரம்பித்தது.

வலது மூலையில் ஒரு வகிடு தெரிந்தது. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று.

அவ்வளவுதான். அந்த வகிடு மட்டும் லேசாக ஆடியது. கீழே எங்கோ ஒருத்தி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. செயலாளர் பாதி எழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுபோல் திரையின் கீழ் விளிம்பைப் பார்த்தார். எழுந்ததும் படம் இருட்டிவிட்டது. உட்கார்ந்துகொண்டார். இளம் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்காவின் கைகள் வேகமாக அசைந்தன.

"கை எங்கேன்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

மாஸ்டர் பழைய ரிமோட்டை அமுக்கினார், புது ரிமோட்டை அமுக்கினார், இரண்டையும் சேர்த்து அமுக்கினார். சத்தம் கூடியது. அந்தக் கூட்டத்துக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அக்கா அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏதோ கேட்டாள்.

"இன்னிக்கு மட்டும் இப்படியா, எப்பவுமே இப்படித்தானான்னு கேக்கறாங்க."

அக்காவுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க மாஸ்டருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வழி தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வது. காது கேட்காதவளிடம் பேச்சை முடிக்க அது போதும். இப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அக்கா சுற்றி வந்து எதிரில் நின்றாள்.

அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை. "எப்பவுமே" என்றார். மகள் அதைச் சைகையில் சொல்லாமலே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

கோபப்படப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். நேரம் போகிறது.

மாஸ்டர் கார்ச் சாவியை எடுத்தார். "கிளம்புங்க! எல்லாரையும் கிளம்பச் சொல்லு!"

* * *

டிரைவிங் ஸ்கூல் காரின் பின் சீட்டில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டார்கள். மெயின் ரோட்டில் ஃபிரிட்ஜும் டிவியும் விற்கிற கடை ஒன்று உண்டு. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் நான்கு புது டிவிகள், தட்டையாக, படச் சட்டம் மாதிரி. நான்கிலும் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"அந்த மீனை மாத்திச் செய்தியைப் போடுங்கம்மா! கொஞ்ச நேரம்!"

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டிவி வாங்க வந்தீங்களா, செய்தி பார்க்க வந்தீங்களா?"

"என் மனைவி டிவில வர்றா. இவங்க பார்க்கணும். இன்னிக்கு விட்டா போச்சு." குரல் உடைந்துவிட்டது.

கடைக்காரம்மா வெளியே நிற்கிறவர்களைப் பார்த்தார். அவர்கள் கைகளைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் ரிமோட்டை எடுத்தார். "கண்ணாடிக்கு வெளியே சத்தம் வராதே?" என்றவர், உடனே, "ஓ!" என்று நிறுத்திக்கொண்டார்.

மீன்கள் போய்ச் செய்தி வந்தது. நான்கு டிவியிலும் வலது மூலையில் நான்கு வட்டம். வட்டத்துக்குள் முழுசாக அவர் மனைவி.

நடைபாதையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். மாஸ்டர் ஓரத்தில் நின்றார். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற, இஸ்திரி போடுகிற, அவர் சட்டைக்குப் பட்டன் தைக்கிற கைகள். இப்போது அவை எங்கிருந்தோ ஒரு வேகத்தை எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு கை பாலமாயிற்று. இன்னொன்று அதன் கீழ் வெள்ளமாயிற்று. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவராக நினைத்துக்கொண்டார். பிறகு விரல்கள் வேறெங்கோ ஓடிவிட்டன. செய்தி வாசிப்பவரின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. கண்ணாடியில் பஸ் விளக்குகள் ஓடின.

திடீரென்று வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் தொடையைத் தட்டிக்கொண்டார். வட்டத்துக்குள் அவள் கன்னத்தை உப்பி, மூக்கை விடைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

"என்ன? என்ன சொல்றா?"

"இருங்கப்பா" என்றாள் மகள், கண்ணை எடுக்காமல். "இப்ப முடியாது."

அக்காவின் கையைத் தொட்டார். அக்காவும் பார்க்கவில்லை. அந்த நடைபாதையில் அவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவருக்கு வந்தது அழுகையா, ஆத்திரமா? ஆத்திரம் என்றால் யார்மேல்?

செய்தி முடிந்ததும், அக்கா வண்டியிலேயே இருக்க, மற்ற விருந்தினர்களை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். அவர்கள் இறங்கும்போது மாஸ்டர் பொறுக்கமாட்டாமல், "சார் என்ன நினைக்கிறார்னு கேளு. அம்மாவுக்குக் கிடைச்சிடுமா?" என்று மகளை முடுக்கினார்.

செயலாளர் நிதானமாகச் சைகை செய்தார். மகள் சொன்னாள்: "முதல் பாதியை அவர் பார்க்கலையாம். பார்த்ததை மட்டும் வெச்சுத்தான் எழுத முடியுமாம். அதையும் நிலையத்துக்குச் சொன்ன பிறகுதான் நம்மகிட்ட சொல்வாராம்."

அவர் மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார். அந்தத் தட்டலை வாழ்த்து என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆறுதல் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

* * *

வழியெல்லாம் மாஸ்டர் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். நானே சொல்லிவிடுவேன். அவள் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

நிலையத்து வண்டியில் அவள் முன்னதாகவே வந்துவிட்டாள். கூடத்தில் விளக்குப் போடவில்லை. கிளம்பிய அவசரத்தில் அணைக்க மறந்த டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் நேர் எதிரே, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கறுப்பு உடையோடு. மாலைச் செய்தியின் மறு ஒளிபரப்பு. மூலையில், சிவப்பும் நீலமுமாக, அவள் வகிடு ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குத்தான் கெட்டுப்போச்சா?" என்றாள், திரும்பாமல்.

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லை" என்றார் மாஸ்டர். "இதைவிடக் கொஞ்சம் அதிகமாத் தெரியும். தோள் வரைக்கும். ஆனா கை... கை எப்பவும் தெரிஞ்சதில்லை."

"முதல் வாரத்துலேர்ந்தா?"

"முதல் வாரத்துலேர்ந்து."

அவள் எழுந்தாள். டிவியை அணைக்கவில்லை. அவரைத் தாண்டி வந்து அக்காவின் எதிரில் நின்றாள். கைகள் உயர்ந்தன. நடைபாதையில் பார்த்தாரே, அதே வேகம். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் ஒரு தடவை, பார்க்காமலே, அவர் பக்கம் ஒரு விரல் நீண்டு மடங்கியது. அக்கா ஏதோ மறுத்துக் கேட்டாள். அவள் தலையசைத்து அதையே மறுபடி சொன்னாள். அக்காவின் முகம் மாறியது.

"என்ன சொன்னா?" என்றார் மாஸ்டர்.

மகள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லேன்! உங்கம்மா என்ன சொன்னா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்பா."

அக்கா அவரைத் தாண்டி உள்ளே போனாள். மனைவியும் பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் படுக்கையறை அலமாரி திறந்தது, துணிப் பெட்டி ஒன்று மேலிருந்து இறங்கித் தரையில் இழுபட்டது. அந்தச் சத்தம் மட்டும் மாஸ்டருக்கு நன்றாகக் கேட்டது.